தொட்டுக் காட்டு

எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று மழைக்காலம் குடியிருந்த அந்த ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு மனசு வரவில்லை. 'அவர்' என்று எழுதுவதே பழக்கதோஷம்தான். மனசுக்குள் வேறு மாதிரி கூப்பிடுவேன். ஊரில் அவருக்கு வண்டு சார் என்று பெயர். சொந்தப் பெயரும் ஒன்று இருந்தது, அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பெயரைக் காப்பாற்றுவதற்காக இல்லை. என் வாயால் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிறது, இனிமேல் எதற்கு என்றுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தளம் போட்டு மேலே ஒரு அறை. கீழே நான் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற காலத்தில் மல்லாட்டைக் கொல்லைக்குப் போவார், மற்ற நாளில் கிடைத்த வேலைக்குப் போவார். ஒரே பெண், செல்வி, அப்போது மூன்று வயது.

வண்டு சார் முதல்முதலாக அறை பார்க்க வந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவராம், மழைக்காலத்துக்கு மட்டும் அறை வேண்டுமாம். "குடிக்கிற தண்ணி அண்டாவுல இருக்குது சார்" என்றேன்.

"எங்கே?"

"அதோ சார், மூலையில."

"தொட்டுக் காட்டுங்க."

நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தாலே அண்டா தெரிகிறது. அவருக்கும் தெரிகிறது. ஆனாலும் நான் எழுந்து போய் அண்டாவைத் தொட்டேன். அப்புறம்தான் அவர் வந்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, "சரி, வர்றேன்" என்றார்.

அதுதான் அந்த ஆள். யார் எதைச் சொன்னாலும் முதல் கேள்வி "எங்கே?" அடுத்தது, "யார் பார்த்தது?" கடைசியில், "தொட்டுக் காட்டு." பால்காரம்மா காலையில் கறந்த பால் என்றால், "கறந்ததை யார் பார்த்தது?" என்பார். அந்த அம்மா ஒரு நாள் சொம்பை ணங்கென்று வைத்துவிட்டு, "நாளைக்கு வா சார், மாட்டு மடிய தொட்டுப் பாத்துக்க" என்றாள். எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. வண்டு சாருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் நிஜமாகவே அவள் வீட்டுக்குப் போய் நின்றார்.

பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான். அவலூர்பேட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரைக் கேட்பார். சொன்னதைக் குறித்துக்கொள்ள மாட்டார். மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் கிளம்புவதைக் கண்ணால் பார்த்து, தன் கைக்கடிகாரத்து நேரத்தை எழுதிக்கொள்வார். தபால் ஆபீசில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஸ்டாம்பு மேல் முத்திரை விழுகிற வரை நகரமாட்டார். "எங்கள நம்பலியா சார்?" என்று உள்ளே இருந்தவர் கேட்டதற்கு, "நம்பிக்கை எனக்கு எதுக்கு? முத்திரை போதும்" என்றாராம். ஊரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரிக்கலாம், அந்த ஆளோடு ஒரு வீட்டில் இருக்காதவரைக்கும்.

அவர் தேடி வந்தது ஒரு பொன்வண்டை. எங்கள் பக்கம் மழை பிடித்ததும் பிள்ளைகள் கருவேல மரத்தில் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்க்கிற பச்சைப் பொன்வண்டு இல்லை அது. இது வேறு சாதி. கழுத்து கரும்பச்சை, முதுகு மட்டும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். காட்டுப் பொன்வண்டு என்போம். காட்டுக்குள் போகிறவர்கள் எப்போதாவது கொண்டுவந்தால்தான் ஊருக்குள் அதைப் பார்க்கமுடியும். அந்த வண்டு எந்தெந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்று வரைபடம் போடுவதுதான் அவர் வேலை. மாடி அறைச் சுவரில் ஒரு பெரிய மேப்பை ஒட்டியிருந்தார். தன் கையால் வண்டைப் பிடித்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி. அடுத்தவர் சொல்லி எந்தப் புள்ளியும் வந்ததில்லை. நான் பெருக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மேற்கே பக்கமலைக் காட்டில் கொப்புளம் போட்டமாதிரி புள்ளிகள். செஞ்சிக்கு வடக்கே ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்று என் வீட்டுக்காரரிடம் அவர் சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன். வண்டாகப் பறப்பது கொஞ்ச நாள்தான். அதற்கு முன்னால் புழுவாக உசிலை மர வேரடியில் மண்ணுக்குள் கிடக்கிறது. அந்த மண்ணை யாரும் கிளறக் கூடாது. வடக்கே முழுக்க மல்லாட்டை. வருஷா வருஷம் ஏர் ஓட்டினால் புழு வெளியே வந்துவிடும், காக்காய் தின்றுவிடும். "ஏர் ஓடற இடத்தில இது இருக்காது. உழாத சரிவு எங்கயாவது விட்டுப்போயிருந்தா, அங்க இருக்கலாம். இருக்கலாம்கிறது எனக்கு உதவாது" என்றார்.

ஊர்க்காரர்கள் அவரைப் படுத்திய பாடும் கொஞ்சமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியூர் படித்த மனுஷர் மழையில் நனைந்துகொண்டு வந்து கேட்கிறாரே, இல்லை என்று எப்படிச் சொல்வது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு இரக்கம். "இருக்குது சார், எங்க ஊர்ல கூட கீதே" என்று சொல்லிவிடுவார்கள். அனந்தபுரத்து மல்லாட்டை வியாபாரி ஒருவர் தன் தோப்பு முழுக்க அந்த வண்டுதான் என்று சொல்லி வண்டு சாரை வரவழைத்தார். கொட்டுகிற மழையில் அவர் போனார். தோப்பில் இருந்தது வேறு ஏதோ பச்சை வண்டு. அந்த வியாபாரி, பாவம், இலை போட்டுச் சோறும் வைத்து, "இதுவும் பச்சையாத்தான சார் இருக்குது" என்று கேட்டிருக்கிறார். வண்டு சார் சோற்றைத் தொடவில்லை. நோட்டை எடுத்து அந்த மனுஷர் பெயரை எழுதி, அவர் கண் முன்னாலேயே அதன் மேல் கோடு போட்டார். அதை என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது எனக்கு அந்த வியாபாரியை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. சோறு போட்டவன் பெயரை அடிக்க எப்படிக் கை வருகிறது?

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். சின்ன வயதில் பக்கமலையில் ஆடு மேய்த்தவர், காட்டில் அவருக்குத் தெரியாத தடம் இல்லை. அதனால் வண்டு சார் அவரைக் கூடவே வைத்துக்கொண்டார். கம்பு எடுத்து முன்னால் போவது, மரம் காட்டுவது, கிளை எத்தனை அடி என்று சாணால் அளந்து சொல்வது, எல்லாம் இவர் வேலை. வண்டைக் கண்டால் தொடக் கூடாது, ஓடிவந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு சட்டமும் உண்டு. உயிரோடு ஒரு வண்டுகூடக் காட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் எங்காவது தப்பிப் பறந்து, இல்லாத இடத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிடும், மேப்பு கெட்டுவிடும் என்பார். "ஒண்ணு போனாலும் உனக்கும் எனக்கும் உறவு முடிஞ்சது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டு இவர் ஏன் அவர் பின்னால் நடந்தார் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. வண்டு சாரின் கல்லூரியில் லேப் அட்டெண்டர் வேலை ஒன்று காலியாகப் போகிறது. அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் இவருக்குக் கிடைக்கும். "மூணாவது வருஷம் முடியட்டும். உன்னைப் பார்த்துட்டு எழுதித் தர்றேன்" என்று அவரே வாயைத் திறந்து சொன்னார். மாசச் சம்பளம், நிழலில் வேலை, செல்விக்கு அங்கேயே நல்ல பள்ளிக்கூடம். அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் நான் அவர் எச்சில் தட்டைக்கூடக் கழுவினேன். மூன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் பெருக்கப் போனபோது மேஜை மேல் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். டைப் அடித்து முடிந்திருந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் இவர் பெயரை என்னால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. கையெழுத்து மட்டும் போடவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் செல்விக்குக் காய்ச்சல் அடித்தது. நான் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப தேவலை" என்றேன். "யார் பார்த்தது?" என்றபடி அவர் தர்மாமீட்டரோடு கீழே இறங்கி வந்தார். அந்த மத்தியானம் முழுக்க என் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதினார். கூடிக்கொண்டே போகிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். அவரே தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். இது நடந்தது உண்மை. இதற்காக ஒரு நாள் முழுக்க அவரை நல்லவர் என்று நினைத்திருக்கிறேன். ஒரே நாள்.

கடிதத்தைப் பார்த்த அதே வாரம் செல்வி மாடிக்குப் போய், அவர் குண்டூசி குத்திக் காயவைத்திருந்த வண்டுப் பெட்டியைத் தொட்டுவிட்டாள். குழந்தைதானே, மினுமினுவென்று இருந்தால் தொடத்தான் செய்யும். ஒரு வண்டின் கால் உடைந்துபோனது. அந்த ஆள் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று படியில் இறக்கிக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். "திருட்டுக் கை. கீழேயே கட்டிப் போடுங்க" என்றார். ஐந்து வயதுப் பிள்ளையை! என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் பேசினேன். "சரிங்க சார்" என்றேன். கடிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லையே. அன்றைக்கு விழுங்கிய எச்சில் இன்னும் தொண்டையில் இருக்கிறது.

செல்வி இரண்டு நாள் சாப்பிடவில்லை. இவருக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் காட்டிலிருந்து வந்து, இடுப்பு மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மகளிடம் கொடுத்தார். உள்ளே காப்பி முதுகு வண்டு ஒன்று, உயிரோடு.

"ஐயோ, அந்த ஆளுக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான். வூட்டுக்குள்ளயே இருக்கட்டும். பாப்பா, மாடி மாமாகிட்ட காட்டக் கூடாது, இன்னா?" என்றார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அந்தச் சமயம் செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு நான் பட்டு ஜாக்கெட்டுகள் தைத்துக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு ரோஸ் பட்டு. அதற்கென்றே ரோஸ் நூல்கண்டு வாங்கி மெஷினில் போட்டிருந்தேன். செல்வி வண்டைப் பறக்கவிட வேண்டும் என்று நச்சரிக்க, அந்த நூலில் ஒரு முழம் அறுத்து, வண்டின் கழுத்தில் சுருக்குப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா அம்மாக்களும் செய்கிற வேலைதான் இது. வண்டு உறுமிக்கொண்டு வட்டம் சுற்றியது, செல்வி கைதட்டினாள், அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஜாக்கெட்டுகளைக் கொடுக்க சிங்கவரம் போனபோது செல்வியையும் கூட்டிப்போனேன். தீப்பெட்டியும் கூடவே வந்தது. திரும்பி வரும்போது வண்டு சோர்ந்துபோய் ஒருக்களித்துக் கிடந்தது. "செத்துடுமாம்மா?" என்று செல்வி உதட்டைப் பிதுக்கினாள். மலையடிச் சரிவில் பாதையை ஒட்டி ஒரு உசிலை மரம் நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, வண்டை ஒரு கிளையில் ஏற்றிவிட்டேன். அது மெதுவாக நகர்ந்து இலைக்குள் போனது. "அது வூட்டுக்குப் போயிடுச்சு" என்று செல்வியிடம் சொன்னேன். சாயங்காலம் இவர் வண்டு எங்கே என்று கேட்டபோது எனக்கு வேறொரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிற அவசரம். அந்த ஆளுக்குத் தெரியாமல் வளர்த்த வண்டை வெளியே விட்டேன் என்றால் இவர் பயப்படுவாரே என்றும் தோன்றியது. "செத்துப்போச்சு, குப்பையில போட்டேன்" என்றேன். அவ்வளவு சின்னப் பொய்.

ஒரு வாரம் போயிருக்கும். இவர் சிங்கவரத்தில் ஒருவர் கொல்லையில் வேலை முடித்து வருகிறபோது, அந்தச் சரிவில், அதே உசிலை மரத்தில், காப்பி முதுகு வண்டு ஒன்றைப் பார்த்துவிட்டார். தொடவில்லை. செஞ்சி வரைக்கும் ஓடிவந்திருக்கிறார். மூச்சு வாங்க, "சார், சிங்கவரத்துல! உழாத சரிவு! நான் தொடல சார், அப்படியே குந்திகினு கீது!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் தெருமுனை தாண்டிவிட்டார்கள்.

வண்டு சார் அதைத் தன் கையால் பிடித்தார். வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தோளில் கை போட்டாராம். மேப்பில் வடக்கே முதல் சிவப்புப் புள்ளி விழுந்தது. "இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொன்னாராம். இவர் வந்து என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குத் தண்ணீர் அடிக்கப் போனார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். வண்டு வண்டுதானே, எங்கே இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. வண்டு சார் ஒரு வெள்ளைத் தாளை ஏந்திக்கொண்டு வந்து என் மெஷின் மேல் வைத்தார். தாளின் நடுவில் ரோஸ் நூல், சுருக்குப் போட்ட சின்ன வளையம். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கழுத்து மடிப்புக்குள் இருந்ததாம்.

"இது உங்க வீட்டு நூலா?"

"இல்லீங்க."

மெஷின் தலையில் ரோஸ் நூல்கண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, அவரிடம் நான் அதற்கு முன் கேட்டிராத ஒரு மாதிரியில் பேசினார். "உங்க பொண்ணு வண்டு வளர்த்தாளா? வளர்த்து எங்கயாவது விட்டீங்களா? விட்டிருந்தா தப்பில்லை. எனக்கு இடம் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"எங்க வூட்டுக்கு வண்டே வந்ததில்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆமாம் என்றால், வண்டு எப்படி வீட்டுக்கு வந்தது என்பார். உறவு முடிந்தது என்பார். அந்தப் பயம் பாதி. மீதிப் பாதி வீம்பு. என் பிள்ளையின் கையைத் திருட்டுக் கை என்ற வாய்க்கு நான் எதற்கு உண்மை சொல்ல வேண்டும்? தாளை மடித்துக்கொண்டு அவர் மேலே போனார். இவர் குடத்தோடு உள்ளே வந்ததும், "மேலே வா" என்று கூப்பிட்டார்.

எல்லாம் எனக்குக் கேட்டது. "கழுத்தில நூல் இருக்கு. தானா வந்த வண்டு நூல் கட்டிக்கிட்டு வராது. நீதானே கொண்டுபோய் வச்சே?"

"இல்ல சார், சத்தியமா..."

"சத்தியம் வேண்டாம். கையெழுத்துக்காகத்தானே? உன் வீட்லயும் கேட்டாச்சு. வண்டே வந்ததில்லைன்னாங்க. வேற யாரு வைப்பா?"

"சார், எம் பொண்ணு மேல..."

"பொண்ணு மேல எல்லாம் சத்தியம் பண்ணாதே. போ."

தாள் கிழிகிற சத்தம் கேட்டது. அப்போது எழுந்து மேலே போயிருக்க வேண்டும். கால் மெஷின் பெடலிலேயே இருந்தது. இப்போது போய்ச் சொன்னால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பேசிவைத்துச் சொல்கிற மாதிரிதான் இருக்கும், நம்பவே மாட்டார் என்று நினைத்தேன். இறங்கி வந்த இவர் என் தோளைத் தொட்டு, "நல்லவேள, வூட்டுல இருந்த வண்டப் பத்தி சொல்லாம வுட்டே. அதுவும் தெரிஞ்சிருந்தா இன்னும் அசிங்கமாப் போயிருக்கும்" என்றார். எனக்கு நன்றி சொன்னார்!

மறுநாள் காலை பஸ்ஸில் வண்டு சார் பெட்டியோடு போய்விட்டார். போகும்போது செல்வியின் தலையில் கை வைக்கவந்தார். நான் அவளை இழுத்துக்கொண்டேன்.

இவர் அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனார். தெருவில் நாலு பேர், "இன்னாபா, வண்டுக்கு நூல் கட்டி வுட்டியாமே" என்று கேலி பேசினார்கள். ஒருத்தரிடமும் அவர் சண்டைக்குப் போகவில்லை. சிங்கவரம் பக்கம் போகிற வேலையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். முதுகு வலிக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் நான் அந்த ஆளைத் திட்டுவேன். வாய் ஓய்கிற வரைக்கும் திட்டுவேன். "வுடு, அவரு கொணம் அது" என்பார் இவர். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஆள் மேல் இன்னும் ஆத்திரம் ஏறும். என்னைத் திட்டிக்கொள்ள முடியாததையெல்லாம் சேர்த்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

செல்வி எட்டாவது படிக்கும்போது இவர் பெயருக்குத் தபாலில் ஒரு மெல்லிய புத்தகம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். நடுவில் எங்கள் பக்கத்து மேப்பு. பக்கமலையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். சிங்கவரத்தில் மட்டும் உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் வட்டம் ஒன்று. அதன் ஓரத்தில், அவர் வண்டுகளுக்குச் சீட்டு எழுதுகிற அதே பொடி எழுத்தில், தமிழில் இரண்டு வரி. 'வைக்கிறவன் நூலை முழுசாக எடுத்துவிட்டுத்தான் வைப்பான். நீ வைக்கவில்லை.' கீழே ஊர், தேதி. வேறொன்றும் இல்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் எழுதினால் அந்த ஆளின் பேனா உடைந்துவிடுமா? இவ்வளவு சின்னக் கணக்கைப் போட இத்தனை வருஷமா? எனக்கு வந்த ஆங்காரத்தில் அதைக் கிழித்துப்போட்டிருப்பேன்.

இவர் அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டிப் படித்தார். கண் கலங்கியிருந்தது. "பாத்தியா, தெரிஞ்சிகினாரு" என்றார். "செல்வி, இந்த வட்டத்துக்குக் கீழ இன்னா எழுதியிருக்குதுன்னு பாரு."

செல்வி அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தாள். "ஒரே ஒரு பெண் வண்டு... கழுத்துல நூலு... ரோஸ் கலர் நூலு... யாரோ வளர்த்து வுட்டது... இந்த எடத்துல இது வாழல." அங்கே நிறுத்தி, நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ரோஸ் நூலாம்மா? அது நம்ம வண்டுமா! ஜாக்கெட் குடுக்கப் போயிட்டு வரும்போது நீதான மரத்துல வுட்டே? வூட்டுக்குப் போயிடுச்சுன்னு சொன்னியே. நைனா, அது என் வண்டு!"

இவர் என்னைத் திட்டவில்லை. புத்தகத்தை மூடி மெஷின் மேல் வைத்தார். "எந்த மரம்?" என்றார்.

"சிங்கவரத்துல... மலையடியில..."

"வந்து தொட்டுக் காட்டு."

நடந்தே போனோம். எட்டு வருஷத்தில் சரிவில் பாதியை உழுது மல்லாட்டை போட்டிருந்தார்கள். மரம் மட்டும் வரப்போரத்தில் நின்றது. நான் போய் அடிமரத்தில் கை வைத்தேன். இவர் கிளை வரைக்கும் சாணால் அளந்து பார்த்தார். "இதேதான்" என்றார்.

"அன்னிக்கி அவரு உன்னாண்ட கேட்டாரே, இன்னா கேட்டாரு? அப்படியே சொல்லு."

"வளர்த்து எங்கயாவது வுட்டீங்களான்னாரு."

"அப்புறம்?"

"வுட்டிருந்தா தப்பில்ல, எடம் மட்டும் தெரிஞ்சாப் போதும்னாரு."

"நீ?"

"வூட்டுக்கு வண்டே வந்ததில்லன்னேன்."

இவர் வரப்பில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

"ஒருத்தர் சொல்றதையும் நம்பாத மனுசன். நீ சொன்ன ஒண்ணத்த மட்டும் நம்பிட்டாரு."

நான் மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.